காலிப் பெட்டிகள்

பச்சைமலையில் எதுவும் பெட்டியில் வருவதில்லை. மரவள்ளிக்கிழங்கு சாக்கில் இறங்கிச் சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகும். பலாப்பழம் எதிலும் அடங்காமல் அப்படியே வேனின் கூரைமேல் ஏறும். சாமைக்கும் முந்திரிக்கொட்டைக்கும் மூட்டைதான். கீழேயிருந்து மேலே வரும் பொருள்களும் இவ்வாறே: நியாயவிலைக் கடை அரிசி சாக்கில், உரம் சாக்கில், சிமெண்டு சாக்கில். டாப் செங்காட்டுப்பட்டியின் மளிகைக் கடைகளுக்குப் பிஸ்கட்டும் சோப்பும் அட்டைப்பெட்டியில் வருவது உண்டு. ஆனால் அந்தப் பெட்டிகள் இறங்குவதற்கு முன்னமே, எது கோழிக்குஞ்சுக்கு, எது வெங்காயத்துக்கு என்று பேசி முடிக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழ 900 புத்தகங்களோடு அந்த மலையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றியாக வேண்டும் என்று ஆனபோது, வண்டிக்கும் ஆளுக்கும் முன்பாக நாங்கள் தேடத் தொடங்கியது வெறும் பெட்டியைத்தான்.

எங்கள் இருவரில் ஒருவர் மலைமேல் பள்ளி ஆசிரியை. மற்றவர் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்திப் பிழைப்பவர். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தோம். மாறுதல் ஆணை ஆனி மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கைக்கு வந்தது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்றலாகாது என்பது ஸ்ரீரங்கத்தில் தனித்திருக்கும் அம்மாவின் கட்டளை. (கட்டளைக்கு விளக்கம் கேட்கும் துணிவு எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை.) பஞ்சாங்கத்தைப் பார்த்து விரல்விட்டு எண்ணினால் மிஞ்சியது பதினெட்டே நாள்.

சாக்கில் கட்டலாமே என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். துணிமணிக்கும் பாத்திரத்துக்கும் சாக்குப் போதும். புத்தகத்துக்குப் போதாது. சாக்கினுள் புத்தகம் தன் எடையாலேயே நகர்ந்து, ஒன்றன் முனை மற்றொன்றின் வயிற்றில் குத்தி, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும். ஏட்டுச்சுவடிக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலும் கீழும் மரச்சட்டம், கயிறு, அதன்மேல் ஒரு துணி. அவ்வளவுதான் அதன் பயண ஏற்பாடு. உ.வே.சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிச் சென்றபோது சுவடிகளும் குடிபெயர்ந்தன. அந்தப் பயணத்தில் சுவடியைவிட அச்சுப் புத்தகங்களே அவரைத் தொல்லைப்படுத்தியிருக்கும் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் பெற்றோர் காலத்தில் இதற்கெல்லாம் தகரத்தால் ஆன டிரங்குப் பெட்டி இருந்தது. தகரப்பட்டி ஓரம் வைத்த ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி இருந்தது. வீடு மாற்றித் தரும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் கேட்டோம். பெட்டி ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய், நாற்பது பெட்டி என்று வைத்துக்கொண்டால் 3,600 ரூபாய், வண்டி வாடகை தனி என்றார்கள். வண்டி மலையேறுமா என்று கேட்டதற்குச் சற்று நேரம் பதில் இல்லை.

இடம்பெயர்தல் அம்மலைக்குப் புதிதன்று. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பார்கள். 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூலிலும் அக்கதை இருக்கிறது. காஞ்சியில் இருப்பு வசதிப்படாமல் கரிராமன் என்னும் தெய்வம் வேறிடம் தேடிப் புறப்பட்டதாம். அத்தெய்வத்தைத் தொடர்ந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் குடும்பத்தோடு கிளம்பி, வெவ்வேறு வழியாக வெவ்வேறு மலைகளை அடைந்தார்களாம். பச்சைமலைக்கு வந்தவர் நடுவண்ணன். தெய்வத்துக்கே வீடு வசதிப்படாமற் போவதுண்டு என்று ஒத்துக்கொண்ட கதை எங்களுக்குப் பிடித்திருந்தது. நடுவண்ணன் எதில் கட்டி எடுத்து வந்தார் என்று எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவரும் பெரியவரைக் கேட்டோம். “தலச்சுமைதான் சார். தூக்க முடிஞ்சது வந்துச்சு, முடியாதது அங்கயே கெடந்துச்சு” என்றார், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல.

மலையிலிருந்து சோபனபுரம் இறங்கி, உப்பிலியபுரம், துறையூர் வழியாகத் திருச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். துறையூரிலேயே தேடலைத் தொடங்கினோம். மருந்துக்கடைப் பெட்டி உறுதியானது, ஆனால் சிறியது. மளிகைக்கடைப் பெட்டி பெரியது. அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டை இருக்கும். சோப்புப் பெட்டியில் வைத்த நூல் பத்தாண்டு சோப்பு மணக்கும். மசாலாப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் வசிக்கும் உறவினர் ஒருவர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, வாழைப்பழப் பெட்டியை வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார். அங்கே வீடு மாற்றுபவர்கள் எல்லாரும் அங்காடிக்குப் போய் வாழைப்பழப் பெட்டியைத்தான் கேட்டு வாங்குவார்களாம். 18 கிலோ பழம் தாங்கும். மேல்மூடி அடிப்பெட்டியின்மேல் முழுக்கக் கவிந்துகொள்ளும். தூக்குவதற்கு இருபுறமும் கைத்துளை உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வருவதற்கென்றே செய்யப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் நின்றிருந்த ஊர் திருச்சி. காவிரியின் இரு கரையிலும் வாழை. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993 முதல் இந்த ஊரில்தான் இயங்குகிறது. வாழை இத்தனை மிகுதியாக விளையும் இடத்தில் அதற்குப் பெட்டி எதற்கு? தாராகவே வெட்டி, சருகைச் சுற்றி, லாரியில் அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். ஏற்றுமதிக்குப் போகும் பழத்துக்குப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டியோ பழத்தோடேயே கடல் கடந்துவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்தது வாழைச்சருகு மட்டும். அதை இகழ வேண்டாம். கண்ணாடி, பீங்கான் சாமான்களைச் சுற்ற அதைவிட மேலான பொருளை நாங்கள் அறியோம். இரண்டு கட்டு வாங்கிக்கொண்டோம்.

பெட்டியில் பயணம் செய்யும் பழம் ஆப்பிள். அது விளையும் மலைக்கும் திருச்சிக்கும் நடுவே ஒரு நாடே கிடக்கிறது அல்லவா? முன்பு மரங்களை அறுத்துச் செய்த பலகைப் பெட்டியில்தான் ஆப்பிள் வந்தது. பெட்டிக்காகக் காடு அழிவதைக் கண்டு, 1980களிலிருந்து இமாசலப் பிரதேசம் சிறுகச் சிறுக அட்டைக்கு மாறியது. அந்த அட்டைப்பெட்டி இரண்டு துண்டு: அடிப்பெட்டி ஒன்று, அதன்மேல் உறைபோல இறங்கும் மேற்பெட்டி ஒன்று. மேற்பெட்டியைச் சற்று உயர்த்திப் பிடித்தால் இன்னும் ஓரடுக்குப் பழம் கொள்ளும். பெட்டிக் கணக்கில் விலை பேசும் சந்தையில் அந்தக் கூடுதல் அடுக்கு விளைவித்தவனுக்கு நட்டம். இதனாலேயே 2024ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து அங்கே ஒரே துண்டாலான, ஏறத்தாழ 20 கிலோ மட்டும் கொள்ளும் பொதுப்பெட்டியைக் கட்டாயமாக்கினார்கள். விவசாயிக்கு நன்மைதான். புத்தகம் கட்டுபவர்களுக்கோ பழைய இரட்டைப் பெட்டிக்கு நிகரில்லை. பக்கங்கள் எல்லாம் இரட்டைச் சுவராகிவிடுகின்றன.

ஆகவே காந்தி சந்தை. ஆனி மாதம் ஆப்பிள் பருவமன்று. குளிர்பதனக் கிடங்கில் கிடந்து வந்த காஷ்மீர்ப் பழங்கள்தாம் இருந்தன. விடியற்காலையிலேயே போய்விட்டோம். மொத்தக்கடை முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்து, “காலிப் பெட்டிதானே, அள்ளிட்டுப் போங்க சார். காசெல்லாம் ஒண்ணும் வேணாம்” என்றார். எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது! ஆனால் அவருக்குப் பின்னால், பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த இளைஞரின் கைகள் அந்தச் சொல்லைக் கேட்டு நின்றன. ஒன்றும் சொல்லவில்லை, நின்றன, அவ்வளவுதான். முதலாளி அடுத்த லாரிக்கு நகர்ந்ததும், என்ன தம்பி என்று கேட்டோம்.

“ஒண்ணுமில்லக்கா. அட்டையெல்லாம் நான்தான் மடிச்சுக் கட்டறது. சாயங்காலம் பழைய பேப்பர்க் கடையில கிலோ ஒம்பது ரூபாய்க்கு எடுத்துக்குவாங்க. மொதலாளி அதுல கணக்குக் கேக்க மாட்டாரு.”

கூலிக்கு மேற்பட்ட வரும்படி என்று எவரும் எழுதி வைக்காத வழக்கம். கொடுத்தவர் முதலாளி, கொடுக்கப்பட்ட பொருள் அவருடையதே அன்று. இலவசம் என்று நாம் கையில் வாங்கும் பல பொருள்களுக்கும் இப்படி ஒரு மூன்றாம் மனிதர் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார் போலும். பெட்டி ஒன்று ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் முப்பது பெட்டிக்கு 270 ரூபாய். அந்தத் தொகையைத் தந்துவிட்டுப் போவதே எளிய வழி. ஆனால் எங்களுக்குப் பெட்டி வேண்டியிருந்தது பத்து நாள்களுக்கே. அதன் பிறகு அந்த முப்பதையும் வைத்துக்கொண்டு சிறிய வீட்டில் என்ன செய்வது? 300 ரூபாயை ஈடாக வைத்துக்கொள்ளுங்கள், தட்டையாக மடித்துத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்றோம். இளைஞர் சிரித்துவிட்டார். “எடுத்துட்டுப் போனவங்க யாருக்கா திருப்பிக் கொண்டாந்திருக்காங்க?” என்றபடியே பணத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நல்லனவாகப் பொறுக்கி, முப்பதைக் கட்டிக் கொடுத்ததும் அவரே.

எஞ்சிய பத்துக்கு இரண்டு இடங்களை நாடினோம். முதலாவது நகலகம். நகல் எடுக்கும் தாள் ஏ4 அளவில் 500 கொண்ட கட்டு ஒன்று 2 கிலோ 340 கிராம். இவ்வாறு பத்துக் கட்டு அடங்கிய பெட்டி 23 கிலோவுக்கு மேல் சுமக்கிறது. புத்தகமும் தாளே ஆதலால், தாளைச் சுமக்கவே பிறந்த பெட்டியைவிடப் பொருத்தமானது எது? அதிலும் எங்களுக்குக் கிடைத்தவை தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் பெட்டிகள். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அதன் ஆலை, இதே காவிரிக் கரையில் கரூர் மாவட்டத்துப் புகளூரில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்திலேயே மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் 2016 முதல் அட்டைக்கென்று தனி ஆலையும் நடத்துகிறார்கள். நகலகத்து அம்மையார் ஆறு பெட்டிகளைத் தந்தார். காசு வாங்கவில்லை, பதிலுக்கு எங்கள் புத்தகங்களில் சிறுவர் கதைகள் இருந்தால் மகளுக்குத் தர வேண்டும் என்றார். அந்தக் கடன் தீர்ந்துவிட்டது.

இரண்டாவது இடத்தை எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும், எந்தப் பருவத்திலும், வற்றாது கிடைக்கும் அட்டைப்பெட்டி மதுப்பெட்டி. 1983இல் தொடங்கப்பட்ட அரசு வாணிபக் கழகம் 2003இல் சில்லறை விற்பனையையும் தன்வசம் எடுத்துக்கொண்டது முதல், அந்தப் பெட்டிக்கு ஒருவிதச் சீர்மையும் வந்துவிட்டது. 180 மில்லி புட்டி 48, அல்லது 375 மில்லி 24, அல்லது 750 மில்லி 12. கண்ணாடி உடையாதிருக்க உள்ளே அட்டைத் தடுப்புகள் கட்டம் கட்டமாக இருக்கும். ஊறுகாய்ச் சீசாக்களுக்கும் கண்ணாடித் தம்ளர்களுக்கும் அந்தக் கட்டங்களைப்போல் வேறில்லை. நண்பர் ஒருவர் வழியாக நான்கு பெட்டிகள் கிடைத்தன. யார் யாரிடம் கேட்டார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

இத்தனை தொண்டு செய்யும் நெளிதாளின் பிறப்பு வேடிக்கையானது. 1856இல் இங்கிலாந்தில் அது காப்புரிமை பெற்றது உயரத் தொப்பிகளின் உள்விளிம்புக்கு! 1871இல்தான் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளையும் விளக்குச் சிம்னிகளையும் அதில் சுற்றி அனுப்பலாம் என்று கண்டார். இரு தாள்களுக்கு நடுவே நெளிந்து நிற்கும் ஒரு தாள். அந்த நெளிவு செங்குத்தாக இருக்கும் வரையில்தான் பெட்டிக்கு வலு. ஈரம் பட்டால் போயிற்று. கடல் மட்டத்துக்கு 500 முதல் 1,000 மீட்டர் உயரத்தில், ஆனி மாதச் சாரலில், எங்கள் பெட்டிகள் மலையேற வேண்டியிருந்தது.

துறையூரிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தில் நடத்துநர் கட்டுகளைப் பார்த்தார். “உள்ள என்ன சார்?” “ஒன்றுமில்லை.” “ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு கயிறு?” சுமைக் கட்டணம் போடலாமா கூடாதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே, பின்னிருக்கைப் பெண்மணி ஒருவர் தம் யூரியாச் சாக்கை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். கட்டணமும் போட்டுத்தான் வாங்கினார். நியாயம்தான்.

ஆப்பிள் பெட்டியைப் புத்தகத்தால் நிரப்பினால் முப்பது கிலோவாகிவிடும்; அடி பிதுங்கும், தூக்குபவரின் இடுப்பு ஒடியும். பாதிவரை புத்தகம், மேலே துணி, தலையணை என்று வைத்துப் பதினைந்து கிலோவில் நிறுத்தினோம். கனமானவற்றைத் தாள் பெட்டிகள் ஏற்றன. பெட்டி குறையக் குறைய நூல்களைப் பற்றிய எங்கள் மதிப்பீடும் மாறியது. இன்னொரு முறை படிப்போமா என்று கேட்டுக்கொண்ட வரையில் எல்லாமே முக்கியமாக இருந்தன. இதற்காக ஒரு பெட்டி தேடுவோமா என்று கேட்டபோது ஏறத்தாழ 120 நூல்கள் பள்ளி நூலகத்துக்கென்று தனியே ஒதுங்கின. அவற்றில் சிலவற்றைப் பிரிந்தது இன்னும் உறுத்துகிறது. பள்ளிப் பிள்ளைகள் அவற்றைக் கொண்டுபோனது பெட்டியில் அன்று. ஆளுக்கு நான்காய்க் கையிலும் தலையிலும். நடுவண்ணன் வழி.

பக்கத்து வீட்டு அக்காள் மூன்று நாளும் உடனிருந்து பாத்திரங்களுக்குச் சருகு சுற்றிக் கொடுத்தார். கிளம்பும் முன், மிக்சியும் சில புடவைகளும் வைத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்தினோம். வேண்டாம் என்றார். வாசலில் அடுக்கியிருந்தவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சரு, அதுல ஒண்ணு காலியா இருந்தாக் குடுத்துட்டுப் போங்க. கோழி அடைக்கு வெக்கலாம்” என்றார். எட்டாண்டுப் பழக்கத்தில் அவர் எங்களிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் அது ஒன்றே. காஷ்மீரத்து ஆப்பிள் படம் போட்டதாகப் பார்த்துக் கொடுத்தோம். பதிலுக்கு ஒரு பலாப்பழம் வந்தது. எந்தப் பெட்டியிலும் அடங்காமல், ஓட்டுநருக்குப் பக்கத்தில் மடியில் கிடந்தபடி அது ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தது.

அம்மா நிலைப்படியில் நின்று இறக்குவதை மேற்பார்வை பார்த்தார். மதுப்பெட்டி ஒன்றில் திவ்வியப் பிரபந்த உரைகள் இருந்தன. வேறு பெட்டி இல்லாமல் தடுப்பைக் கழற்றிவிட்டு வைத்தது. முன்யோசனையாக, ஒட்டுவாயைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்து, மறுபடியும் ஒட்டியிருந்தோம். எந்தப் பெயரும் தெரியாத வெறும் பழுப்புப் பெட்டி. அம்மா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “நன்னாருக்கு போ! வெளியில இருந்த பேரை உள்ளே திருப்பிட்டேள். இப்ப அது நேரா பிரபந்தத்தைப் பார்த்துண்டுன்னா இருக்கு.”

பிறகு அவரே சமாதானமும் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் எதைப் பேசினாலும் ஒருகட்டத்தில் பேச்சு 1323ஆம் ஆண்டுக்குப் போய்விடும். தில்லிப் படை வந்தபோது மூலவர் முன் கல்திரை எழுப்பிவிட்டு, உற்சவரான நம்பெருமாளைப் பல்லக்கில் ஏளப்பண்ணிக்கொண்டு, முதுமையிலும் உடன் நடந்தார் பிள்ளை லோகாசாரியர். சோதிஷ்குடியில் அவர் காலம் முடிந்தது. பெருமாள் மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை என்று அலைந்து, 1371இல்தான் திரும்பினார். சுதர்சன சூரியின் சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அவர் பிள்ளைகள் இருவரையும் வேதாந்த தேசிகர் பிணக்குவியலுக்கிடையே மறைத்துக் காத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. நாற்பத்தெட்டு ஆண்டு கழித்து வந்தவர் பழைய பெருமாள்தானா என்று ஊரில் ஐயம் எழுந்ததாம். கண்ணிழந்த வண்ணார் ஒருவர் பெருமாள் உடுத்த ஆடையின் ஈரத்தை வாங்கிப் பருகி, மணத்தால் அறிந்து, இவரே நம் பெருமாள் என்றாராம். “அந்தச் சுவடி பிணத்துக்கு நடுவுல இருந்து வந்தது. இது சாராயப் பெட்டியில வந்தா என்ன கெட்டுப்போச்சு?” என்றார் அம்மா. உரைநூல்களை எடுத்து அடுக்கிய பின் முகர்ந்து பார்த்தோம். ஒரு வாடையும் இல்லை. சோப்புப் பெட்டியில் ஏற்றிய சமையல் குறிப்புப் புத்தகங்கள்தாம் இன்றும் மணக்கின்றன.

பால் காய்ச்சிய மூன்றாம் நாள் ஆடி பிறந்தது. காலியான பெட்டிகளை அம்மாவுக்குத் தெரியாமல் மடிக்க முடியவில்லை. நவராத்திரிப் பொம்மைகளுக்கென்று ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டார். மற்றவற்றைக் கயிறு கட்டி, ஒரு விடியற்காலையில் ஆட்டோவில் காந்தி சந்தைக்குக் கொண்டுபோனோம். இளைஞர் முதலில் எங்களை அடையாளம் காணவில்லை, கட்டைத்தான் கண்டார். பிரித்து எண்ணினார்.

“இருபத்தெட்டுதான் இருக்குக்கா.”

“ஒன்று மலையில் கோழிக்கு, ஒன்று வீட்டில் பொம்மைக்கு.”

சட்டைப்பையிலிருந்து நோட்டுகளை எடுத்து 280 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். இரண்டு பெட்டிக்குப் பதினெட்டுப் போக மீதி இரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்றார்.